உனக்கும் துடக்குத்தான்

தம்பி,

நீ ரயிலில் ஏறும்போது கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. ஸ்தவாங்கர் ரயிலின் படியில் ஒரு காலும் மேடையில் ஒரு காலுமாக நின்று கேட்டாய்: “அப்பா, இனி என்ன நடந்தாலும் எனக்கு உடன சொல்லுவீங்களே?” அதற்கு நான், “சாப்பாட்டுப் பெட்டியை நிமித்தி வை, குழம்பு ஊத்துப்படும்” என்றேன். கதவு மூடியது. ஓம் அல்லது இல்லை என்று ஒரு சொல்லில் முடிந்திருக்க வேண்டிய விடயம். அதை மூன்று வாரமாக வேலை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஓஸ்லோ முழுக்கத் திரிகிறேன். இன்று சனிக்கிழமை, அம்மா வேலைக்குப் போய்விட்டாள், பல்கனியில் கடைசிப் பனி உருகிச் சொட்டுகிறது. எழுதி முடிக்காமல் எழும்புவதில்லை என்று குந்தியிருக்கிறேன்.

எனக்குக் கடிதம் எழுதத் தெரியாது. எழுதத் தெரிந்ததெல்லாம் பரிசோதனை அறிக்கை. எந்த மாடி, எந்தக் கருவி, என்ன பிழை, என்ன செய்தோம், கையொப்பம். நீ சின்னவனாக இருந்தபோது உன் வகுப்புப் பிள்ளைகளுக்கு, “என்ர அப்பா தீ அலாரம் அடிக்கிற ஆள்” என்று சொல்லி வைத்திருந்தாய். அடிப்பவனில்லை, அது சரியாக அடிக்கிறதா என்று பார்ப்பவன் என்று உன்னைத் திருத்தினேன். ஆறு வயதுப் பிள்ளையைத் திருத்தி என்ன கண்டேன்? நீ பிறந்தபோது எனக்கு இருபத்தொரு வயது. பெற்றோர் கூட்டத்துக்கு வந்தால் ஆசிரியை உன் அண்ணன் என்றே நினைப்பாள். பொறுமை வருவதற்கு முன்னரே தகப்பனாகிவிட்டேன். பிறகு வரும் என்று பார்த்தேன். நாற்பத்து மூன்று வயதாகியும் வரவில்லை, களைப்புத்தான் வந்திருக்கிறது. தூரத்தில் நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஏமாறாதே.

என் தொழிலில் ஒரு சட்டம் இருக்கிறது. ஒரு கட்டடத்தில் பரிசோதனை செய்யும்போது அலாரத்தின் ஒலியை நிறுத்தலாம். ஆனால் நிறுத்தினவன் அதை எழுதிவைக்க வேண்டும், கட்டடப் பொறுப்பாளருக்கும் சொல்ல வேண்டும். சொல்லாமல் நிறுத்தினால் உள்ளே இருக்கும் சனமெல்லாம் தங்களுக்குக் காவல் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு படுத்திருக்கும். வேலை பழக வருபவன் இதை ஒரு தடவை மறந்தால் நான் கத்துவேன். இரண்டாவது தடவை மறந்தால் வேறு வேலை பார்க்கச் சொல்வேன். போன இலையுதிர் காலத்தில், கார்டர்மூன் விமான நிலையத்தில் தொடங்கி, ஆறு நாளுக்கு நானே அந்த வேலையைச் செய்தேன்.

நடந்தது உனக்குத் தெரியும். எப்படி நடந்ததென்று முழுக்கத் தெரியாது. பாதுகாப்புச் சோதனை முடிந்து இடுப்புப்பட்டியைக் கட்டிக்கொண்டிருந்தேன். நீ கோப்பி வாங்கப் போயிருந்தாய். யாழ்ப்பாணத்திலிருந்து மாமி, என் அக்கா, போன் எடுத்தாள். “டேய், அப்பா எங்களை விட்டிட்டுப் போட்டாரடா” என்றாள். அடுத்த வரியை அவள் சொல்வதற்குள், நீ இரண்டு கோப்பிக் குவளைகளோடு சிரித்துக்கொண்டு வருவது தெரிந்தது. படிப்பு முடித்ததற்கு உனக்கு நான் தருவதாகச் சொன்ன பயணம், நீ பன்னிரண்டு வயதிலிருந்து கேட்ட யப்பான். நான் மாமியிடம், “அக்கா, பிறகு எடுக்கிறன்” என்றேன். தகப்பன் செத்த செய்திக்கு மகன் சொன்ன மறுமொழி அது. “ஆர் அப்பா?” என்றாய். “வேலை” என்றேன்.

விமானம் ஏறுவதற்கு முன் கழிப்பறைக்குள் நின்று இரண்டு அழைப்பு எடுத்தேன். ஒன்று மாமிக்கு. மற்றது அம்மாவுக்கு. “தம்பிக்கு இப்ப சொல்லாதை, திரும்பி வந்து சொல்லுவம்” என்றேன். அவள் சொன்னது இதுதான்: “உங்களுக்கு விசர். அவன் பால்குடியே? இருபத்திரண்டு வயசு.” பிறகு அழுதாள். பிறகு, “பொய் சொல்லச் சொல்லி என்னைக் கேக்காதேங்கோ. நான் போனே எடுக்கமாட்டன்” என்றாள். அதனால்தான் அந்த ஆறு நாளும் அம்மா உன்னோடு கதைக்கவில்லை. சொந்தக்காரரின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து, காலை வணக்கப் பூக்களின் தொல்லை தாங்காமல், நீ எப்போதோ வெளியேறியிருந்தாய். அதுவும் எனக்கு வசதியாகப் போய்விட்டது. எல்லா வயரையும் கழற்றியாகிவிட்டது என்று ஒரு தொழில்காரனின் திருப்தியோடு போய் என் இருக்கையில் இருந்தேன்.

உன் சந்தோசத்துக்காகத்தான் மறைத்தேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். இரண்டாம் நாள் அந்தச் சமாதானம் கிழிந்தது. தங்கியிருந்த இடத்துக்குப் பக்கத்துத் தெருவில், இரண்டு வீடுகளுக்கு நடுவே ஒடுங்கிப் போயிருந்த ஒரு சின்னக் கோயில். வாசலில் தண்ணீர்த் தொட்டி, மூங்கில் அகப்பை. நான் யோசிக்காமல் வலது உள்ளங்கையில் தண்ணீரை ஏந்தி மூன்று தரம் குடித்து, மிச்சத்தைத் தலையில் தடவினேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். “அப்பா, அது தீர்த்தம் இல்லை! கை கழுவி வாய் கொப்புளிக்கிறதுக்கு. படம் போட்டிருக்கு, பாருங்கோ!” பக்கத்தில் நின்ற மனிசி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டாள். கோயிலை நம்பாதவன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிற எனக்கு, கை தன் பாட்டில் தீர்த்தம் வாங்குகிறது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நீ உள்ளே போய், இரண்டு தரம் குனிந்து, இரண்டு தரம் கை தட்டி, கண்ணை மூடி நெடுநேரம் நின்றாய். திரும்பி வந்தபோது கையில் ஒரு நீலத் துணிப்பை, விரல் நீளம், கோயிலில் விற்கிற காப்பு. “அப்பப்பாவுக்கு. சுகம் வாறதுக்காம்” என்றாய். அவர் சுகமில்லாமல் இருக்கிறார் என்பதுமட்டும்தான் உனக்குத் தெரியும்.

நான் சொன்னது, “நல்லது” என்று. அவ்வளவுதான். செத்த மனிதருக்குச் சுகம் வேண்டி நீ வாங்கி வந்ததைப் பார்த்துவிட்டு, நல்லது என்று சொல்லி, அடுத்த ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டேன். என் பிழைகளை வரிசைப்படுத்தச் சொன்னால் இதைத்தான் முதலாவதாகப் போடுவேன்.

உனக்கு அப்பப்பாவோடு இருந்தது பெரிய பழக்கம் என்று சொல்லமுடியாது. மூன்று தரம் ஊருக்குப் போயிருக்கிறோம். ஆனால் உனக்கு ஏழு வயதாக இருந்தபோது நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். அவர் முற்றத்தில் கதிரை போட்டிருந்து உன்னைக் கூப்பிட்டார். “டேய், நான் போனா நீ வந்து பந்தம் பிடிப்பியோ?” செத்தவீட்டில் பேரப்பிள்ளைகள் சுற்றி நின்று பிடிக்கிற நெய்ப்பந்தத்தைத்தான் கேட்டார். உனக்கு அந்தச் சொல் தெரியாது, பந்து என்று கேட்டிருக்கிறது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “நான் எங்கட டீமில கீப்பர் அப்பப்பா. எந்தப் பக்கம் எறிஞ்சாலும் பிடிப்பன்” என்றாய். மனிதர் பல்செட் விழுமளவுக்குச் சிரித்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவை போன் எடுக்கும்போதும் கேட்பார்: “எங்கட கீப்பர் என்ன செய்யிறார்? பிடிக்க வருவாரோ?” உனக்குப் பதினாலு வயதில்தான் நான் அர்த்தம் சொன்னேன். “அப்ப நான் ஓம் எண்டுதானே சொன்னனான்” என்றாய்.

ஆறாம் நாள் நாரா. மான்கள் தெருவில் மாடுகள்போலத் திரிகின்ற ஊர். காட்டுக்குள் ஆயிரம் வருடத்துக்கு மேலான கோயில். சரளைக்கல் பாதை, இரண்டு பக்கமும் பாசி பிடித்த கல்விளக்குகள், ஒன்றுக்குப் பின் ஒன்றாக ஏறிக்கொண்டே போகின்றன. முடிவில் அந்தச் சிவப்பு மர வாசல், கதவில்லாத வாசல். இரண்டு தூண், மேலே இரண்டு குறுக்கு மரம். உள்ளே போகமுன் குனிய வேண்டும், நடுவால் நடக்கக்கூடாது, அது கடவுளின் பாதை என்று நீ விளக்கிக்கொண்டு வந்தாய். நான் அதற்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டேன். கால் போகவில்லை.

இதை நீ நம்பவேண்டும். துடக்கை, அந்தச் சாவுத் தீட்டைப் பற்றி நான் கதைத்த கதையெல்லாம் உனக்குத் தெரியும். என் பெரியப்பா செத்தபோது அம்மா முப்பத்தொரு நாள் கோயிலுக்குப் போகாமல் இருந்தாள். “துடக்கு என்ன தடிமனே, தொத்துமே? கடவுளுக்குத் தடுப்பூசி போடேல்லையோ?” என்று நான் சாப்பாட்டு மேசையில் கேட்டேன், நீ சிரித்தாய், அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழும்பிப் போனாள். அந்த நான்தான், ஒரு சொந்தக்காரரும் இல்லாத, ஒருவருக்கும் என்னைத் தெரியாத நாட்டில், வேறு ஆட்களின் கடவுளின் வாசலுக்குமுன், தகப்பன் செத்து ஆறாம் நாள் என்று நின்றேன்.

“என்னப்பா?” என்றாய். “கால் நோகுது. நீ போ” என்றேன். நீ போகவில்லை. தூணோடு நின்று, கோயிலின் விதிகளை எனக்கும் கேட்கும்படி போனில் வாசித்தாய். பிறகு சிரித்தாய். “அப்பா, இவங்களும் எங்கட ஆக்கள்தான்! வீட்டில ஆரும் செத்தா அம்பது நாளைக்கு இந்த வாசலுக்குள்ள வரக்கூடாதாம். துடக்கு! யப்பானிலயும் துடக்கு!” சொல்லிக்கொண்டே நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாய். சிரிப்பு நிற்பதற்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்று தெரியாது. எனக்கு நீளமாக இருந்தது.

“ஆர்?” என்றாய். அதுமட்டும்தான்.

“அப்பப்பா.”

“எப்ப?”

“நாங்கள் வெளிக்கிட்ட அண்டைக்கு.”

நீ விரலை மடித்து எண்ணினாய். “அப்ப நான் அங்கை அவருக்குச் சுகம் வரோணும் எண்டு கும்பிட்டது...” நான் அந்த இடத்தில் வாயை மூடியிருக்கலாம். “அதால ஒரு பாதிப்பும் இல்லை” என்றேன், பழுதான கருவிக்கு அறிக்கை கொடுப்பதுபோல. “ஹெர்ரகுட், அப்பா!” என்று நோர்வேஜியனில் கடவுளைக் கூப்பிட்டுக் கத்தினாய். மான் ஒன்று திடுக்கிட்டு விலகியது. “நான் சின்னப்பிள்ளையே? பந்தம் நான் எல்லோ பிடிச்சிருக்கோணும்! ஆர் பிடிச்சது?” மாமியின் மகள் என்றேன். நீ மறுபக்கம் திரும்பி நின்றாய்.

கொஞ்ச நேரத்தால் நான் சமாதானத்துக்கு வந்தேன். “சரி, இவ்வளவு தூரம் வந்தாச்சு. நீ உள்ள போய்ப் பாத்திட்டு வா, நான் இஞ்சை நிக்கிறன்.” நீ திரும்பாமலே கேட்டாய்: “எனக்கும் துடக்குத்தானே?” ஓம் என்றேன். ஆண்பிள்ளையின் பிள்ளை, உனக்கும்தான். “அப்ப நானும் இஞ்சை நிக்கிறன்” என்றாய். பன்னிரண்டு வயதிலிருந்து நீ ஆசைப்பட்ட வாசல். அதற்கு வெளியே, ஒரு கல்லில் போய்க் குந்தினாய். துடக்கு என்பது விலக்கி வைப்பது என்றுதான் நான் நினைத்திருந்தேன். நீ அதை, உனக்குத் தரவேண்டிய பங்கைக் கேட்டு வாங்கியதுபோல வாங்கிக்கொண்டாய். செத்தவரோடு உனக்கும் ஒரு தொடர்பு உண்டு என்பதற்கு அந்தச் சொல்லைத் தவிர வேறு அத்தாட்சி உன்னிடம் இருக்கவில்லை. அதையும் நான் ஆறு நாள் ஒளித்து வைத்திருந்தேன்.

இலை கூட்டிக்கொண்டிருந்த கிழவர் எங்களைப் பார்த்து, உள்ளே போங்கள் என்று கை காட்டினார். நீ எழும்பிப் போய்ப் போனில் ஏதோ எழுதிக் காட்டினாய். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வாசித்தார். விளக்குமாற்றைத் தூணில் சாத்தினார், தொப்பியைக் கழற்றினார், எங்கள் இரண்டு பேரையும் பார்த்து இடுப்பளவு குனிந்து, அப்படியே நின்றார். எனக்கு அதுவரை எவரும் துக்கம் விசாரிக்கவில்லை. விசாரிக்க நான் எவரையும் விடவில்லை. நானும் குனிந்தேன், நிமிர முடியவில்லை. மூக்கால் ஒழுகியது. அந்த நேரம் பார்த்து மான் உன் கையிலிருந்த வரைபடத்தைப் பாதி தின்றுவிட்டது. நீ அதைத் துரத்தவில்லை.

இரண்டு நாள் நீ என்னோடு கதைக்கவில்லை. எட்டாம் நாள் காலையில், “எட்டுச் செலவு எண்டா என்ன செய்யோணும்?” என்று கேட்டாய். செத்தவருக்கு எட்டாம் நாள் விருப்பமான சாப்பாட்டைப் படைக்க வேண்டும் என்றேன். “அப்பப்பாவுக்கு என்ன விருப்பம்?” பாண் என்றேன். தேத்தண்ணி என்றேன். அதற்கு மேல் வரவில்லை. இருபது வருடமாகக் கருவியின் மாதிரி இலக்கம் ஒன்றைக்கூட மறக்காத தலை. மாமிக்குப் போன் எடுக்க வேண்டியதாகிவிட்டது. “உன்ர கொப்பருக்கு என்ன விருப்பமெண்டு என்னட்டைக் கேக்கிறியே?” என்று ஏசிவிட்டு, சூடைமீன் பொரியல், இஞ்சி போட்ட தேத்தண்ணி என்றாள். நீ கடையில் பொரித்த சின்ன மீன் வாங்கி வந்து, சோறும் தேத்தண்ணியும் வைத்து, யன்னல் விளிம்பில் படைத்தாய். தேவாரம் தெரியாமல் இரண்டு பேரும் நின்றோம்.

அந்தப் போனை ஏன் ஸ்பீக்கரில் போடவில்லை என்று நீ அப்போது கேட்டாய். சத்தம் கூடிவிடும் என்றேன். அதுவும் பொய். இதை அம்மாவைத் தவிர ஒருவருக்கும் சொன்னதில்லை. விமான நிலையத்தில், கழிப்பறைக்குள் நின்று நான் எடுத்த முதல் அழைப்பில் மாமி கேட்டாள்: “அப்பாவை ரெண்டு நாள் வைச்சிருக்கலாம். நீயும் பெடியனும் வாறியளோ?” போயிருக்கலாம். வழி இருந்தது. நான், “இல்லை அக்கா, எங்களைப் பாராமல் பிரேதத்தை எடுங்கோ” என்றேன். உன் பயணத்துக்காக இல்லை. அதற்கு இரண்டு கிழமை முன்னர் அவர் எனக்குப் போன் எடுத்தார், புதுப் போனில் எழுத்தைப் பெரிதாக்குவது எப்படி என்று கேட்பதற்கு. நான் ஸ்ட்ரோம்மனில் ஒரு கட்டடத்தில் ஏணியில் நின்றேன். “அப்பா, வேலையில நிக்கிறன், பிறகு எடுக்கிறன்” என்று வைத்தேன். எடுக்கவில்லை. அந்த முகத்துக்கு முன்னால் போய் நிற்கப் பயம். அதற்கு உன்னைச் சாட்டினேன். மாமி ஸ்பீக்கரில் அதைச் சொல்லிவிடுவாள் என்று பயந்தேன்.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. இருந்தும் சொல்கிறேன், தகப்பன்மார் அப்படித்தான். போன் எடுக்கிற கிழடுகளுக்கு எழுத்தைப் பெரிதாக்கிக் கொடு, ஏணியில் நின்றாலும் இறங்கி வந்து கொடு. எவருக்கும் நல்லது என்று சொல்லி எதையும் மறைக்காதே. அந்த நல்லதைத் திருப்பிப் பார், பின்பக்கம் உன்னுடைய பயம்தான் இருக்கும். நாளைக்கு உனக்கு ஒருத்தி வருவாள், அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழும்பிப் போனால் பின்னால் போ. நான் போகவில்லை.

இனி, உன் கேள்வி. நீ ரயில் படியில் நின்று கேட்டபோது என் கழுத்தில், இடப்பக்கம், ஒரு கட்டி இருந்தது. அப்போதே இரண்டு மாதம். சவரம் செய்யும்போது கண்டுபிடித்தேன், தானாகக் கரையும் என்று விட்டேன். கரையவில்லை. வியாழக்கிழமை குடும்ப வைத்தியரிடம் போனேன். அவர் இரண்டு தரம் அமத்திப் பார்த்தார், ஊசியால் மாதிரி எடுக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரிக்கு எழுதினார். புற்றுநோயாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார். எத்தனை வீதம் என்று கேட்டேன். சொல்ல மறுத்துவிட்டார்.

அன்று பின்னேரமே அம்மாவிடம் சொன்னேன். உப்புமாவுக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றாள். கத்தியை வைத்துவிட்டுத் தானும் தொட்டுப் பார்த்தாள். “எத்தினை நாளாத் தெரியும்?” “மூண்டு மாசம்.” அவள் ஏசுவாள் என்று நின்றேன், ஏசவில்லை. “தம்பிக்கு நீங்கள் சொல்லுறீங்களோ, நான் சொல்லட்டே?” என்றாள். நான் என்றேன். “இஞ்சேருங்கோ, போனில ரெண்டு வசனத்தில சொல்லிப்போட்டு வைச்சிடாதேங்கோ. உங்களுக்குப் போனில கதைக்கத் தெரியாது. எழுதுங்கோ.” அதனால்தான் எழுதுகிறேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதரை. முடிவு வர இரண்டு கிழமை செல்லுமாம். வா என்று நான் சொல்லவில்லை. புது வேலை, இப்போதுதான் தொடங்கியிருக்கிறாய், தெரியும். வரவேண்டாம் என்றும் சொல்லமாட்டேன். போன தடவை அந்த முடிவை உனக்காக நான் எடுத்தேன். இந்தத் தடவை அது உன்னுடையது.

அந்த நீலத் துணிப்பை என்னிடம்தான் இருக்கிறது. திரும்பி வரும்போது, இதை என்ன செய்ய என்று கேட்டேன். “வைச்சிருங்கோ. ஆருக்கெண்டாலும் உதவும்” என்றாய். உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்கக்கூடாது என்றும் சொன்னாய். வேலை வான் வண்டியில், கருவிப் பெட்டிக்குள், ஸ்க்ரூ டிரைவர்களுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. கண்ட எல்லாவற்றையும் கழற்றிப் பார்க்கிறவன் நான். அதை இன்னும் திறக்கவில்லை. செவ்வாய்க்கிழமை சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவேன். வேலை செய்யுமா என்று மட்டும் கேட்காதே.

கீப்பர், நீ கேட்டதற்குப் பதில்: ஓம். சொல்லிவிட்டேன்.

அப்பா